குட் ஹைடிங்குக்கு எத்தனை கோல்?

மேசைமேல் ஒரு நீலக் கடுதாசி. அதன்மேல் ஒரு விரல். நகத்தை ஒட்ட வெட்டிய, சுத்தமான விரல். அது வரி வரியாக நகர்ந்து வந்து ஓர் இங்கிலீஷ் சொல்லின் அடியில் நின்றது.

"இனி ஆப்பா?" என்றார் ஜப்பான்கார ராணுவ அதிகாரி. இது என்ன என்று மலாயில் கேட்கிறார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது சந்தைக்கடை மலாய் ஒன்றுதான்.

வாசலில் இரண்டு சிப்பாய்களுக்கு நடுவே எங்கள் ரப்பர் தோட்டத்து டிரஸர் நடராஜன் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து போடுகிறவர் என்பதால் டிரஸர். கடுதாசி எழுதியவர் அவர்தான். குற்றவாளி என்பதால் அவர் வாயைத் திறக்கக் கூடாது.

ஆபீஸின் கடிகாரம் நின்று மாதக்கணக்காகியிருந்தது.  நான் அங்கே கணக்கு எழுதுகிற கிராணி; இங்கிலீஷ் படித்தவன் என்று என்னைத்தான் கடுதாசியைப் படித்துச் சொல்ல நிறுத்தியிருந்தார்கள்.

அந்த ஒரு சொல்

கடுதாசி போக வேண்டிய இடம் கூலிம். அங்கே டிரஸரின் மச்சினன் இருந்தார், நல்ல கோல்கீப்பர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக்கும் ஜித்ரா ஆட்களுக்கும் பந்து விளையாட்டு. "நீ வந்து நில்" என்று மச்சினனைக் கூப்பிட்டு எழுதி, தெற்கே போகிற லோரிக்காரரிடம் கொடுத்திருக்கிறார். பாலத்தடியில் சோதனை போட்டபோது அது மாட்டிக்கொண்டது.

தமிழில் எழுதியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் டிரஸர் பந்து விஷயத்தைத் தமிழில் எழுத மாட்டார். "கோலு, பாஸு, பேக்கு எல்லாம் வெள்ளைக்காரன் பாஷை தம்பி. அவன் பாஷையில எழுதினாத்தான் பந்து உருளுது" என்பார்.

விரல் நின்ற வரி இதுதான்: "வீ வில் கிவ் தி ஜித்ரா பாய்ஸ் எ குட் ஹைடிங்."

அடுத்த வரி: "தே வில் நாட் ஷோ தெயர் ஃபேஸஸ் இன் கெடா அகெய்ன்." கெடாவில் இனி அவர்கள் முகத்தைக் காட்ட மாட்டார்கள்.

ஹைட் என்றால் ஒளிவது. நான் ஒன்றாம் வகுப்பில் படித்தது. ஹைடிங் என்றால் ஒளித்து வைப்பது. ஜித்ரா பையன்களுக்கு நல்ல மறைவிடம் கொடுப்போம். அவர்கள் முகம் இனி வெளியே தெரியாது. இரண்டு வரியும் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்திப் போகிறது பாருங்கள். ஒரு கணம் எனக்கு என் இங்கிலீஷின் மேல் பெருமைகூட வந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"செம்புஞி, துவான்" என்றேன். ஒளித்து வைப்பது, ஐயா.

விரல் கடுதாசியை விட்டு எழுந்தது.

அது ஜப்பான் ராணுவம் சயாமில் ரயில்பாதை போடத் தோட்டங்களில் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். பிடிபடாமல் ஓடியவர்கள் காட்டோரங்களில் ஒளிந்திருந்தார்கள். ஓடியவனுக்கு இடம் கொடுத்தவன் கதி என்ன என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் மதியம் வருகிற லோரியில் டிரஸரை அலோர் ஸ்டாருக்கு அனுப்புவதாக ஜப்பான்காரர் சொன்னார். அந்த லோரியில் போனவர்கள் யாரும் அதுவரை திரும்பியதில்லை.

"பூக்கான், துவான்! மாயின் போலா!" இல்லை, பந்து விளையாட்டு என்று டிரஸர் கத்தினார். சிப்பாய் அவர் கன்னத்தில் அறைந்தான். அவர் என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. பாடம் ஒப்பிக்கும்போது தடுமாறுகிற பிள்ளைக்கு எடுத்துக்கொடுக்க முடியாமல் தவிக்கிறவரின் பார்வை.

அவரை ரப்பர் ஷீட் வைக்கும் ஸ்டோரில் போட்டுப் பூட்டினார்கள்.

பாதிப் பக்கம்

இந்த இடத்தில் என் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா ரப்பர்ப் பால் வெட்டிய கையால் என்னை அலோர் ஸ்டாரில் ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் கொண்டுபோய் விட்டு, இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்த்தார். அங்கே ஒரு வாத்தியார் வெள்ளிக்கிழமைதோறும் மரபுத்தொடர் சொல்லி எழுத வைப்பார். பயணத்துக்கு ஒரு பக்கம், சாப்பாட்டுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துப் பிரித்து எழுதுவோம். தோற்கடிப்பதற்கும் ஒரு பக்கம் இருந்தது.

ஒருவனை ஜெயிப்பதற்கு வெள்ளைக்காரன் வைத்திருக்கிற பேச்சைப் பார்த்தால் சமையல்கட்டும் துடைப்பமுமாக இருக்கும். எதிரியைக் கொத்துக்கறி ஆக்குவான். எதிரியையே துணியாகப் பிடித்துத் தரையைத் துடைப்பான். நக்கினான் என்றாலும் ஜெயித்தான் என்றுதான் அர்த்தம். வாத்தியார் "லிக்" என்று சொன்னபோது என் பக்கத்துப் பையன் எழுந்து, "சார், நக்கினவன் ஜெயிச்சவனா, நக்கப்பட்டவன் ஜெயிச்சவனா?" என்று கேட்டு வெளியே நின்றானாம்.

"நின்றானாம்" என்று ஏன் சொல்கிறேன் என்றால், அன்று நான் வகுப்பில் இல்லை. மலேரியாக் காய்ச்சல். பிறகு அவன் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதினேன். பாதிப் பக்கம் முடிவதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். கீழ்ப்பாதி வெறுமையாகவே கிடந்தது. அதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். அடிக்கிறதுக்கு அவ்வளவு சொல் எதற்கு?

நம்மிடம் மட்டும் குறைச்சலா என்ன? வெளுத்து வாங்கினான், பின்னி எடுத்தான், துவைத்துக் காயப்போட்டான், மண்ணைக் கவ்வ வைத்தான். அவன் ஆளைக்கொண்டு தரையைத் துடைக்கிறான். நாம் ஆளையே துவைத்துக் கொடியில் போடுகிறோம். இதை அப்போதே யோசித்திருந்தால் டிரஸருக்கு அந்த அறை விழுந்திருக்காது.

உப்பு இல்லாத வீடு

அன்று சாயங்காலம் எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு வந்து படியில் உட்கார்ந்தேன். டிரஸர் வீட்டு அடுப்பில் புகை இல்லை. அவர் மனைவி ராஜம்மா அக்கா என்னைக் கடந்துதான் தண்ணீர்க் குழாய்க்குப் போனார். "தம்பி, நீங்கதான் படிச்சுச் சொன்னீங்களாமே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. "வேற என்னமோ எழுதியிருக்கும்னு அவரு சொல்லச் சொன்னாரு. நல்லாப் பாருங்க தம்பி."

நான் தலையை ஆட்டினேன். என்னத்தைப் பார்ப்பது?

உள்ளே என் தம்பி காய வைத்திருந்த மரவள்ளி மாவைத் தட்டிவிட்டுவிட்டான். அம்மா கையில் துடைப்பத்தோடு துரத்தினார்.

"நில்லுடா. இன்னிக்கு உன் தோலை உரிச்சு உப்புத் தடவுறேன் பாரு."

"உப்பு எங்கம்மா இருக்கு? நாலு மாசமா நாமளே உப்பில்லாமத்தானே திங்கிறோம்?"

"அப்ப சும்மா உரிக்கிறேன். வாடா இங்கே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் நின்றுபோனது. தோலை உரிக்கிறது. தோல்.

பூகோளப் பாடம் நினைவுக்கு வந்தது. மதராஸிலிருந்து ஏற்றுமதியாகும் பொருள்கள். நிலக்கடலை, பருத்தி, ஹைட்ஸ் அண்ட் ஸ்கின்ஸ். ஹைட் என்றால் மாட்டுத்தோல். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஜித்ரா பையன்களுக்கு நல்ல ஹைடிங் கொடுப்போம். தோலை உரித்துவிடுவோம். எங்கள் அம்மா தினமும் சொல்கிறதைத்தான் டிரஸர் இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்.

வாழைமரத்தடிக்கு ஓடினேன். ஜப்பான்காரர்கள் வந்த வாரத்தில் என் இங்கிலீஷ் புத்தகங்களை பிஸ்கட் டின்னில் போட்டு அங்கே புதைத்திருந்தேன். இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தால் ஆபத்து என்று அப்பாவுக்குப் பயம். பொழுது சாய்வதற்குள் தோண்டி எடுத்தேன். அகராதியைக் கறையான் தின்றிருந்தது. எச் இருந்த பக்கங்களை மட்டும் என்னவோ விட்டுவைத்திருந்தது.

ஹைடிங்: எ த்ராஷிங். அடித்து நொறுக்குதல்.

அப்பா அருகில் வந்து நின்றார். "இதைக் கொண்டு போய்க் காட்டினா, ஏன் வச்சிருந்தேன்னு கேப்பான்" என்றார்.

"கேப்பான்."

அப்பா குனிந்து அகராதியைப் பார்த்தார். பிறகு, "மண்ணைத் துடைச்சு எடுத்துட்டுப் போ. அழுக்கா இருக்கு" என்றார்.

நேற்று செம்புஞி, இன்று கூலிட்

மறுநாள் காலையில் மேசைமேல் நீலக் கடுதாசிக்குப் பக்கத்தில் அகராதியை விரித்து வைத்தேன்.

"சாயா சாலா, துவான்." என் தப்பு, ஐயா. ஒளித்து வைப்பது இல்லை. தோல். கூலிட். தோலை உரிக்கிறது மாதிரி அடிப்பது. பந்து விளையாட்டில் அடிப்பது. இதை என் மலாயில் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

"நேற்று செம்புஞி. இன்று கூலிட். நாளைக்கு என்ன?" என்று அவர் மலாயில் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடுதாசியில் இருந்த எழுத்தையும் அகராதியில் இருந்த எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். த்ராஷிங் என்ற சொல்லுக்கு விரலை நகர்த்தி, அது என்ன என்று புரட்டிப் பார்க்கப் போனார். டி இருந்த பக்கங்களில் கறையான் வழி போட்டிருந்தது. விரல் ஓட்டைக்குள் போய் மறுபக்கம் வந்தது.

எழுந்து வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அது புத்தகம் வைத்திருந்ததற்கா, தப்பாகச் சொன்னதற்கா என்று இன்றுவரை தெரியாது.

பிறகு டிரஸரைக் கொண்டுவரச் சொன்னார். இடது கண் மூடிப்போய் வந்தார் டிரஸர். எங்கள் இருவரையும் நிற்க வைத்து அந்த மனிதர் சொன்னது எளிமையான விஷயம். ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடுங்கள். நான் வந்து பார்க்கிறேன். ஜித்ராவுக்கு குட் ஹைடிங் கொடுத்தால் அகராதி சொன்னது சரி. கொடுக்காவிட்டால் இவன் நேற்றுச் சொன்னது சரி.

மதிய லோரி டிரஸர் இல்லாமல் போனது.

வெளியே வந்ததும் டிரஸர் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டு, "கீப்பர் இல்லாம எப்படிடா ஜெயிக்கிறது?" என்றார். கடுதாசிதான் கூலிமுக்குப் போகவே இல்லையே.

இன்னொரு விஷயத்தை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஜித்ராவை நாங்கள் அதுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

மாணிக்கம்

ஜித்ராவின் கேப்டன் மாணிக்கம், அங்கே அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். பின்வரிசையில் தடுத்து ஆடுகிற பேக். அவரைத் தாண்டிப் பந்து போவதும் சுவரைத் தாண்டிப் போவதும் ஒன்று.

சனிக்கிழமை தோட்டத்துப் பங்கு அரிசிக்குச் சீட்டு கொடுக்க நான் ஆலைக்குப் போக வேண்டியிருந்தது. டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிள். ஏழெட்டு மைலும் எலும்பு கழன்றது. வழியெல்லாம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"என்ன கிராணி தம்பி, நாளைக்கு வாங்கப் போறதுக்கு இன்னிக்கே பையைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார் மாணிக்கம். மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் தவிடு.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் தப்பு என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தோளில் இருந்த தவிட்டைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"தோத்துப் போவணும். அவ்வளவுதானே?"

"தோத்தா மட்டும் பத்தாதுண்ணே. நல்லாத் தோக்கணும். கடுதாசியில குட்னு போட்டிருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குட் ஹைடிங்குக்கு எத்தனை கோல்?"

"அகராதியில எண்ணிக்கை போடலண்ணே."

"ரெண்டு?"

"ரெண்டுன்னா அதிர்ஷ்டம்னு சொல்லுவாங்க."

"மூணு?"

"மூணுன்னா சாதாரணத் தோல்விண்ணே."

"அப்ப அஞ்சு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அஞ்சு வாங்கிட்டு ஜித்ராவுல நான் எப்படிலா நடக்கிறது? எங்கம்மாவே சோறு போட மாட்டாங்க."

நான் அரிசிச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்தேன்.

"நடராஜனுக்குத் தெரியுமா, நீங்க இங்க வந்தது?"

"தெரியாது."

"சொல்லாதீங்க. தெரிஞ்சா அவனுக்குக் காலு ஓடாது. என் பசங்களுக்கும் சொல்ல மாட்டேன். பதினோரு வாய் தாங்காது. நானும் கீப்பரும் பாத்துக்கிறோம்." எழுந்து மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"அட, போங்க தம்பி. நடராஜன் போயிட்டா அப்புறம் நான் யாரை ஜெயிக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை

ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருந்த திடல் ஒன்றுதான் மரவள்ளி நடாமல் தப்பியிருந்தது. பந்தின் உள்பை கிழிந்திருந்ததை ரப்பர்ப் பால் தடவி ஒட்டியிருந்தோம். உதைத்தால் நேராகப் போகாது. புளித்த பால் வாசனை அடிக்கும்.

ஜப்பான்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

முதல் கோலை ஜித்ரா போட்டது. விவரம் தெரியாத அவர்களுடைய முன்வரிசைப் பையன் ஒருவன், காற்றாகப் போய் அடித்துவிட்டான். மாணிக்கம் தலையில் கை வைத்துக்கொண்டதை நான் ஒருவன்தான் கவனித்தேன். ஜப்பான்காரர் என் பக்கம் திரும்பி ஒரு விரலைக் காட்டினார். ராஜம்மா அக்கா ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு மாணிக்கத்துக்கு என்ன ஆயிற்று என்று ஜித்ரா ஆட்களுக்கு விளங்கவில்லை. வழுக்கி விழுந்தார். எங்கள் ஆள் காலுக்கே பந்தைத் தள்ளினார். ஒரு தடவை தலையால் முட்டித் தன் வலைக்குள்ளேயே போட்டார். பின்னால் நின்று காவல் காத்த தன் ஆட்களை, "ஏறி ஆடுங்கடா, ஏறி ஆடுங்கடா" என்று விரட்டி முன்னால் அனுப்பிவிட்டுப் பின்பக்கத்தைக் காலியாக வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எங்கள் கணக்கு ஏறியது.

கூட்டத்திலிருந்து ஜித்ராக்காரர் ஒருவர், "மாணிக்கம், கஞ்சி குடிக்கலியாடா? இல்ல, யாராச்சும் ஊத்திக் குடுத்துட்டாங்களா?" என்று கத்தினார். மாணிக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நாலாவது கோல் விழுந்தபோது அவருடைய சொந்த ஆளே அவர்மேல் எச்சில் துப்பினான். அவர் அதைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

ஐந்தாவதை டிரஸரே போட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திடலின் ஓரத்திலிருந்து அடித்தார். ரப்பர்ப் பால் ஒட்டிய பந்து காற்றில் கோணிக்கொண்டு போய் உள்ளே விழுந்தது.

ஜப்பான்காரர் ஒரு கை விரல்களை முழுவதும் விரித்தார். மறு கையில் ஒரு விரல். "லீமா, சாத்து." பிறகு, நிதானமாக, இங்கிலீஷில்: "குட் ஹைடிங்?"

"குட் ஹைடிங், துவான்."

அவர் நீலக் கடுதாசியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். ராஜம்மா அக்கா வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். அன்றைக்கு டிரஸர் வீட்டு அடுப்பில் புகை வந்தது.

எழுதலாமா?

யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். என் நோட்டின் கீழ்ப்பாதியை நானே தேடித் தேடி நிரப்பினேன். தோற்கடிப்பதற்கு இப்போது என்னிடம் முப்பது சொல் இருக்கிறது. மாணிக்கம் செய்ததற்கு ஒன்று தேடினேன். பந்தயத்தைத் தூக்கி எறிவது என்று ஒரு தொடர் இருக்கிறது. கைக்கூலி வாங்கிக்கொண்டு செய்கிறவனுக்குச் சொல்வது அது. நம்முடையதில்தான் சரியாக இருக்கிறது. தோற்றுக் கொடுத்தார்.

ஆனால் ஜித்ராவில் அவருக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அஞ்சு மாணிக்கம். சந்தையில் நடந்தால் சின்னப் பையன்கள்கூட விரலை விரித்துக் காட்டுகிறார்கள். டிரஸரோ நாலு பேர் கூடினால் அந்தக் கதையைத்தான் சொல்கிறார். "ஒத்தைக் கண்ணோட போயி ஜித்ராவை வெளுத்தோம்லா." நான் பக்கத்தில் இருந்தால் தலையை ஆட்டுவேன்.

பத்திரிகையில் வாராவாரம் இந்த நினைவுத் தொடரை எழுத ஆரம்பித்ததிலிருந்து எனக்கு உறுத்தல். போன வாரம் ஜித்ரா போய் அரிசி ஆலையில் மாணிக்கத்தைப் பார்த்தேன்.

"எழுதட்டுமாண்ணே?"

"நடராஜன் இந்தப் பத்திரிகை படிக்கிறானா?"

"வாரம் தவறாம."

அவர் மூட்டைமேல் உட்கார்ந்தார். இப்போதும் உடம்பெல்லாம் தவிடு. தட்டிவிட்டுக்கொள்ளவில்லை.

"எழுதுங்க. இங்க பையனுங்க விரல் காட்டுறது எனக்கே அலுத்துப்போச்சு" என்றார். நான் விடைபெற்றுச் சைக்கிளைத் திருப்பியதும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, நாலு நான் குடுத்தது. அஞ்சாவது, நடராஜன் ஓரத்துலேருந்து அடிச்சானே, அது நெசமாவே வாங்கினது. நானும் கீப்பரும் அந்த நேரத்துல எல்லாத்தையும் மறந்துட்டுத் தடுக்கத்தான் பாத்தோம். முடியல. அதையும் மறக்காம எழுதிடுங்க."

எழுதிவிட்டேன், அண்ணே.